குரலுக்கு எரியும் விளக்கும், கைக்கு எட்டும் சுவிட்சும்



வீடு கட்டுகிறவர்கள் எலக்ட்ரிக்கல் கடைக்கு வந்தால் கூடத்துக்கு இரண்டு டியூப்லைட், படுக்கை அறைக்கு ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு, வாசலுக்கு ஒரு குண்டு பல்பு என்று சீட்டு எழுதிக் கொடுத்துச் சரக்கு வாங்கிப் போன காலம் ஒன்று இருந்தது. இப்போது நம் திருப்பத்தூர் வட்டாரக் கடைகளில் புதிதாக ஒரு கேள்வி வருகிறது. "சினிமா பார்க்கிற ரூமுக்கு வாயால் சொன்னால் எரிகிற லைட் வேண்டும், எதை வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் தொழிலில் இருப்பவர்கள் கட்டும் பெரிய வீடுகளுக்காக மட்டும் இந்தக் கேள்வி வரவில்லை. பிள்ளை வெளியூரில் நல்ல வேலையில் இருக்கும் நடுத்தரக் குடும்பங்களும் மாடியில் ஓர் அறையை இதற்கென ஒதுக்குகின்றன. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.க்கும் புரொஜெக்டருக்கும் 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. ஆகவே இந்தக் கேள்வி இனிமேல் கூடுமே தவிரக் குறையாது.

இதற்குப் பதில் சொல்ல நம்மில் எத்தனை பேர் தயாராக இருக்கிறோம்? பெட்டியை எடுத்து வைத்து, அதன்மேல் அச்சடித்திருப்பதைப் படித்துக் காட்டுவது பதில் ஆகாது. அதை வாடிக்கையாளரே செல்போனில் படித்துவிட்டுத்தான் கடைப்படி ஏறுகிறார். அவருக்குத் தெரியாத ஒன்றை நாம் சொன்னால்தான் நமக்கு மரியாதை.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். குரலுக்கு எரியும் விளக்கை விற்பதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் அந்த விளக்கு, இன்டர்நெட் நின்றுபோன நேரத்திலும், அந்தப் பெட்டியோடு பேசத் தெரியாதவர் அறைக்குள் வந்தாலும், சுவரில் இருக்கும் சுவிட்சைத் தட்டினால் எரிய வேண்டும், தட்டினால் அணைய வேண்டும். இந்த ஒரு நிபந்தனைக்கு உட்படாத அமைப்பை நம் கடை வழியாக எந்த வீட்டுக்கும் அனுப்பக் கூடாது. காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் இருட்டு

சினிமா அறைக்கு விளக்கு கேட்டு வருகிறவருக்கு முதலில் இருட்டைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இது புரியாத விஷயம் அல்ல. ஆலங்காயத்தைத் தாண்டி ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூருக்கு விண்மீன் ஆராய்ச்சிக்காரர்கள் வந்தது, ஊர் வெளிச்சம் படாத வானத்தைத் தேடித்தான். 1986-ல் அங்கே நிறுவப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி வைணு பாப்புவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. எத்தனை பெரிய கண்ணாடியாக இருந்தாலும் பக்கத்தில் ஒரு வெளிச்சம் இருந்தால் அதற்குப் பாதிப் பார்வை போய்விடும். புரொஜெக்டருக்கும் இதே கதிதான். புரொஜெக்டரால் திரையில் கறுப்பை உண்டாக்க முடியாது. ஒளி படாத இடம்தான் அதற்குக் கறுப்பு. மேலே எரியும் ஒரு ஸ்பாட் லைட் திரையில் பட்டாலே கறுப்பு சாம்பல் நிறமாகிவிடும். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய புரொஜெக்டர் வெளுத்துப்போன படம் காட்டும். குறை புரொஜெக்டர் மேல் விழும், காரணம் விளக்காக இருக்கும்.

ஆகவே குரலைப் பற்றிப் பேசும் முன்னால் அறையின் விளக்குகளை நான்கு பிரிவாகப் பிரித்துக் காட்ட வேண்டும். ஒன்று, அறையைப் பெருக்கவும் துடைக்கவும் வேண்டிய பொது வெளிச்சம். இரண்டு, படம் தொடங்கும் முன்னும் இடைவேளையிலும் எரியும் மங்கலான பக்கச் சுவர் விளக்கு. மூன்று, படம் ஓடும்போது எழுந்து போகிறவர் கால் இடறாமல் இருக்கத் தரையோரம் அல்லது படியோரம் வைக்கும் சிறு விளக்கு. நான்கு, டி.வி.யாக இருந்தால் அதன் பின்புறச் சுவரில் படும் விளக்கு. இந்த நான்கும் நான்கு தனி ஒயரிங் லைனில் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே சுவிட்சில் கோத்துவிட்டு, பிறகு விலை உயர்ந்த ஸ்மார்ட் பல்பைப் போட்டுச் சரிக்கட்டலாம் என்று நினைப்பது, அளவு எடுக்காமல் துணியை வெட்டிவிட்டுத் தையற்காரரைத் திட்டுவது போன்றது.

நான்காவது பிரிவில் ஒரு நுட்பம் உண்டு. டி.வி.க்குப் பின்னால் மெல்லிய வெளிச்சம் இருந்தால் கண்ணுக்குச் சோர்வு குறையும். அந்த வெளிச்சம் 6500 கெல்வின் அளவுள்ள வெள்ளையாக, திரையின் உச்ச வெளிச்சத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக இருப்பது நல்லது. சிவப்பு, நீலம் என்று நிறம் மாறும் ஸ்ட்ரிப் லைட்டை அங்கே ஒட்டினால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் படத்தில் இருக்கும் முகத்தின் நிறம் கண்ணுக்குத் தப்பாகத் தெரியும். புரொஜெக்டர் வைத்த அறையில் திரைக்குப் பின்னால் எந்த விளக்கும் தேவையில்லை. மற்ற மூன்று பிரிவுகளுக்கும் 2700 கெல்வின் அளவுள்ள மஞ்சள் கலந்த வெளிச்சமே போதும்.

கடையிலேயே செய்து காட்டக்கூடிய இரண்டு சோதனைகள்

சினிமா அறை விளக்குக்கு எரிவதைவிட மங்குவதுதான் முக்கியம். நம் வயதுக்காரர்களுக்குப் பழைய தியேட்டர்களில் விளக்கு மெல்ல மெல்ல மங்கித் திரை விலகும் அந்த நேரம் நினைவிருக்கும். வீட்டில் தியேட்டர் கட்டுகிறவர் அதையும் சேர்த்துத்தான் விலைக்குக் கேட்கிறார். ஆனால் எல்லா ஸ்மார்ட் பல்பும் ஒரே மாதிரி மங்குவதில்லை. சில பல்புகள் பத்து சதவீதத்துக்குக் கீழே இறங்காமல் அங்கேயே நின்றுவிடும். சில, இறங்கும்போது படிப்படியாகத் துள்ளும். கடையில் ஒரு ஹோல்டரில் மாட்டி, வாடிக்கையாளர் கண்முன்னே கடைசிவரை மங்க வைத்துக் காட்ட வேண்டும். இது முதல் சோதனை.

இரண்டாவது சோதனைக்கு வாடிக்கையாளரின் செல்போனே போதும். பல்பை மங்க வைத்துவிட்டு, செல்போன் கேமராவை அதன் பக்கம் திருப்பினால், சில பல்புகளில் திரை முழுவதும் கறுப்புப் பட்டைகள் ஓடுவது தெரியும். பல்பு நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் விட்டுவிட்டு எரிகிறது என்பதற்கு அது அடையாளம். இருட்டு அறையில் மூன்று மணி நேரம் உட்காருகிறவர்களில் சிலருக்கு இது தலைவலியைத் தரும். இரண்டு கம்பெனிப் பல்புகளை அடுத்தடுத்து வைத்து இப்படிக் காட்டினால் நூறு ரூபாய் விலை வித்தியாசத்துக்கு யாரும் பேரம் பேச மாட்டார்கள்.

இதோடு பி.ஐ.எஸ். பதிவு எண் பல்பின்மேல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எல்.இ.டி. பல்புகளுக்கு ஐ.எஸ். 16102 தரப்படி பதிவு கட்டாயம். ஸ்ட்ரிப் லைட்டுக்கு மின்சாரம் தரும் டிரைவர் பெட்டியை ஃபால்ஸ் சீலிங்குக்குள் காற்றுப் புகாத மூலையில் சொருகி வைக்க விடக் கூடாது. சினிமா அறையில் சத்தம் வெளியே போகாமல் இருக்கப் பஞ்சும் துணியும் சுவரில் அடித்திருப்பார்கள். சூடேறும் சாமானும் பஞ்சும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாமா என்பதை நாம்தான் எலக்ட்ரீஷியனுக்கு நினைவூட்ட வேண்டும். நீளமான ஸ்ட்ரிப் ஓட்டுவதாக இருந்தால் 12 வோல்ட்டைவிட 24 வோல்ட் நல்லது. கடைசி முனையில் வெளிச்சம் குறைவது அதில் குறைவு.

பல்பா, சுவிட்சா?

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். குரலுக்குக் கட்டுப்படும் விளக்கை இரண்டு வழியில் அமைக்கலாம். பல்பே ஸ்மார்ட்டாக இருப்பது ஒரு வழி. சாதாரணப் பல்பைப் போட்டு, சுவிட்ச் போர்டுக்குள் ஸ்மார்ட் சுவிட்சையோ அதற்கான சிறு பெட்டியையோ வைப்பது இன்னொரு வழி.

ஸ்மார்ட் பல்புக்கு எப்போதும் மின்சாரம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். சுவரில் உள்ள சுவிட்சை யாராவது அணைத்துவிட்டால் பல்பு செத்த மாதிரிதான். பிறகு எத்தனை தரம் கூப்பிட்டாலும் எழுந்திருக்காது. நம் வீடுகளில் அறையை விட்டு வெளியே வருகிறவர் கை தானாகவே சுவிட்சுக்குப் போகும். கரண்ட் பில்லுக்குப் பயந்து வளர்ந்த பழக்கம் அது. அதைத் தப்பு என்று சொல்லவும் முடியாது. சில வீடுகளில் இதற்கு ஒரு வழி கண்டுபிடிக்கிறார்கள். சுவிட்சின் மேல் டேப் ஒட்டிவிடுகிறார்கள், அல்லது எலக்ட்ரீஷியனிடம் சொல்லிச் சுவிட்சையே கழற்றி ஒயரை நேராக இணைத்துவிடுகிறார்கள். இதைத்தான் நாம் கண்டிக்கிறோம். ராத்திரியில் பல்பு ஹோல்டரில் கோளாறு என்றால் மின்சாரத்தை நிறுத்த அந்த அறையில் எதுவுமே இருக்காது. மெயினைத்தான் இறக்க வேண்டும்.

ஸ்மார்ட் சுவிட்ச் வழியில் இந்தத் தொல்லை இல்லை. கையால் தட்டினாலும் வேலை செய்யும், குரலுக்கும் வேலை செய்யும். பெரும்பாலான ஸ்மார்ட் சுவிட்சுகளுக்குப் போர்டுக்குள் நியூட்ரல் ஒயர் வேண்டும். நம் ஊர் வழக்கப்படி சுவிட்ச் போர்டிலேயே பிளக் பாயிண்டும் இருப்பதால் நியூட்ரல் பெரும்பாலும் அங்கே இருக்கும். புது வீடாக இருந்தால், எல்லாப் போர்டுக்கும் நியூட்ரல் இழுத்துவிடுங்கள், போர்டுப் பெட்டியைக் கொஞ்சம் ஆழமாக வையுங்கள் என்று சொல்லிவிட்டால் போதும். சுவர் பூசும் முன் சொன்னால் நூறு ரூபாய் வேலை. பூசிய பின் சொன்னால் சுவரை உடைக்கும் வேலை.

ஆகவே எங்கள் பரிந்துரை இதுதான். பொது வெளிச்சத்துக்கும் தரையோர விளக்குக்கும் ஸ்மார்ட் சுவிட்ச். மங்க வேண்டிய பக்கச் சுவர் விளக்குக்கு, மங்கக்கூடிய எல்.இ.டி. பல்பும் அதற்குப் பொருந்தும் ஸ்மார்ட் டிம்மரும். நிறம் மாற வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டால் அந்த ஒரு பிரிவுக்கு மட்டும் ஸ்மார்ட் பல்போ ஸ்ட்ரிப்போ. அதற்கும் சுவிட்ச் உண்டு, டேப் கிடையாது. இன்னொன்று, ஃபேன் ரெகுலேட்டர் போலச் சுவரில் இருக்கும் பழைய டிம்மரோடு ஸ்மார்ட் பல்பை இணைக்கவே கூடாது. விட்டுவிட்டு எரியும், ரீங்காரம் போடும், சீக்கிரம் போய்விடும்.

எந்த மொழியில் கூப்பிடுவது?

இப்போது குரலுக்கு வருவோம். அமேசானின் அலெக்ஸா பெட்டி 2017-லும் கூகுளின் பெட்டி 2018-லும் நம் நாட்டு விற்பனைக்கு வந்தன. அலெக்ஸா முதலில் ஆங்கிலம் மட்டுமே கேட்டது. 2019-ல் இந்தி சேர்ந்தது. கூகுள் 2017-லேயே தமிழில் பேசினால் செல்போனில் எழுத்தாக மாற்றும் வசதியைக் கொடுத்துவிட்டது. ஆகவே வாடிக்கையாளர், செல்போனுக்குத் தமிழ் புரிகிறது, இந்தப் பெட்டிக்கும் புரியும் என்று நினைத்துக்கொண்டு வருகிறார். இரண்டும் ஒன்றல்ல. வாங்கும் பெட்டி தமிழில் விளக்கைப் போடுமா என்பதைக் கடையிலேயே அவர் வாயாலேயே பேசிப் பார்க்கச் சொல்ல வேண்டும். அவர் வாய் மட்டும் போதாது, வீட்டில் உள்ள பெரியவர் வாயும் வேண்டும்.

இதில் நம் பகுதிக்கே உரிய ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வீட்டில் உருது பேசும் குடும்பங்கள் நிறைய. உருதுவும் பேச்சு இந்தியும் நெருக்கம் என்பதால் அங்கே வயதான பாயம்மாவும் பெட்டியோடு ஒருவாறு பேசிச் சமாளித்துவிடலாம். அதே தெருவில் தமிழ் பேசும் வீட்டில் ஆயா, விளக்கைப் போடுவதற்குப் பேரனைக் கூப்பிட வேண்டியிருக்கும். சொந்த வீட்டில் ஒரு விளக்கு எரிய அடுத்தவர் உதவி வேண்டும் என்ற நிலை, பணம் கொடுத்து வாங்க வேண்டிய வசதியா? பேரன் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விட்டால் அந்த அறை பூட்டித்தான் கிடக்கும்.

சில கட்டளைகளை நாமே பெயர் வைத்துப் பதிவு செய்யலாம். 'படம்' என்று ஒரு பெயர், 'இடைவேளை' என்று ஒரு பெயர் என்று ஆங்கில எழுத்தில் பதிந்து பார்க்கலாம். சில சொற்கள் பிடிபடும், சில பிடிபடாது. சிறிய, தெளிவான சொல்லாக இருப்பது நல்லது. நிறுவிக் கொடுக்கும் பையன் தன் வாய்க்குப் பிடிபட்டதோடு வேலை முடிந்தது என்று இறங்கிவிடாமல், வீட்டார் ஒவ்வொருவரையும் சொல்ல வைத்துப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

மேலும், சினிமா அறை என்பது குரல் பெட்டிக்கு மிகவும் கஷ்டமான இடம். சண்டைக் காட்சி ஓடும்போது பெட்டிக்கு நம் குரல் கேட்காது. படத்தை நிறுத்திவிட்டுக் கத்துவதற்குப் பதில் சுவிட்சைத் தட்டிவிடலாம். எதிர்ப்பக்கத் தொல்லையும் உண்டு. திரையில் பேசுவதைத் தனக்குச் சொன்ன கட்டளையாகப் பெட்டி எடுத்துக்கொள்ளும். 2017 ஏப்ரலில் அமெரிக்காவில் பர்கர் கிங் என்ற உணவகக் கம்பெனி தன் டி.வி. விளம்பரத்திலேயே கூகுள் பெட்டியைக் கூப்பிடும் வார்த்தையைப் பேச வைத்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வீட்டில் இருந்த பெட்டிகள் விழித்துக்கொண்டு அந்தக் கம்பெனியின் பர்கரைப் பற்றிப் பேச ஆரம்பித்தன. சில மணி நேரத்தில் கூகுள் அதைத் தடுத்தது. இதனால்தான் பெட்டியை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைக்காமல், உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்ல வேண்டும். படம் ஓடும்போது மைக்கை அணைத்து வைக்கப் பெட்டியின் மேலேயே ஒரு பொத்தான் இருக்கிறது. அதையும் காட்டிக் கொடுக்க வேண்டும். வீட்டுப் பேச்சு வெளியே போகும் என்று அஞ்சுகிறவர்களுக்கும் அந்தப் பொத்தான்தான் பதில். நான்கு பட்டன் உள்ள ஒரு சிறு ரிமோட்டைச் சோபா கைப்பிடியில் வைத்துவிட்டால் பாதி வேலைக்குக் குரலே வேண்டாம்.

கரண்ட் போனால், நெட் போனால்

2008-க்குப் பிறகு சில ஆண்டுகள் நாம் பட்ட மின்வெட்டை மறந்திருக்க மாட்டோம். இப்போது அந்த நிலை இல்லை என்றாலும், மழை காற்று என்றால் கரண்ட் போய்ப் போய் வருவது நம் பக்கத்தில் சகஜம். பல ஸ்மார்ட் பல்புகள் கரண்ட் திரும்பி வந்ததும் முழு வெளிச்சத்தில் எரிய ஆரம்பிக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு ஆளில்லாத சினிமா அறை கல்யாண மண்டபம் போல ஜொலிக்கும், காலையில்தான் தெரியும். கரண்ட் வந்தால் பழைய நிலையிலேயே இரு என்று செட்டிங்கில் மாற்றும் வசதி சில கம்பெனிகளில் உண்டு, சிலவற்றில் இல்லை. வாங்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி இது. இன்னொரு தொல்லையும் உண்டு. பல மாடல்களில் பல்பை மூன்று முதல் ஐந்து தரம் தொடர்ந்து அணைத்துப் போட்டால் அது எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் புதுப் பல்பு போலக் கண் சிமிட்டும். மறுபடி இணைப்பதற்கென்று கம்பெனி வைத்த வழி அது. கரண்ட் விட்டுவிட்டு வந்தாலும் பல்புக்கு வித்தியாசம் தெரியாது.

நெட் விஷயமும் இதேதான். பெரும்பாலான வை-ஃபை பல்புகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் வேலை செய்யும். நெட் கம்பெனிக்காரர் இலவசமாகக் கொடுத்த ரூட்டரில் இருபது பல்பைச் சேர்த்தால் அது திணறும். விளக்கு அதிகம் என்றால் ஜிக்பீ போல வை-ஃபை இல்லாமல் தனி முறையில் பேசி, ஒரு ஹப் மூலம் இயங்கும் சாமான்களைப் பரிந்துரைக்கலாம். அவற்றின் ரிமோட் நெட் இல்லாமலும் வேலை செய்யும். 2022 அக்டோபரில் வெளியான மேட்டர் என்ற பொதுத் தரமும் வீட்டுக்குள்ளேயே கட்டளை முடிந்துவிடும்படி அமைக்கப்பட்டது. பெட்டியில் அந்த முத்திரை இருந்தால் நல்லது. ரூட்டரும் ஹப்பும் இன்வெர்ட்டர் லைனில் இருக்க வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்ப வேண்டும்.

கரண்ட் செலவையும் மறைக்கக் கூடாது. அணைந்திருக்கும்போதும் ஸ்மார்ட் பல்பு காது கொடுத்துக் காத்திருக்கும். ஒரு பல்புக்கு அரை வாட் என்று வைத்துக்கொண்டால் பத்துப் பல்புக்கு மாதம் 3.6 யூனிட், இரண்டு மாத பில்லில் 7.2 யூனிட். பெரிய தொகை அல்ல. ஆனால் இலவச யூனிட்டைக் கணக்குப் பார்க்கும் வீட்டில் இதை நாமே சொல்லிவிட்டால் பிறகு கேள்வி வராது.

கம்பெனி கடையைக் கட்டினால்

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் இது. குண்டு பல்பு தயாரித்த கம்பெனி மூடிவிட்டாலும் வீட்டில் இருந்த குண்டு பல்பு அணையவில்லை. குரலுக்கு எரியும் விளக்கின் கதை வேறு. நாம் பேசியது எங்கேயோ இருக்கும் கம்ப்யூட்டருக்குப் போய், அங்கிருந்து உத்தரவு திரும்பி வந்துதான் பெரும்பாலும் விளக்கு எரிகிறது. அந்தக் கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டால் நம் வீட்டுக் கூரையில் இருக்கும் பல்பு பேச்சுக் கேட்காது.

இது கற்பனை அல்ல. ஜெர்மனியின் ஓஸ்ராம் கம்பெனி விளக்குத் தொழிலில் பெரும் பெயர் பெற்றது. அது தன் லைட்டிஃபை என்ற ஸ்மார்ட் விளக்கு வரிசைக்கான சர்வரை 2021 ஆகஸ்ட் இறுதியில் நிறுத்தியது. முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் நிறுத்தியது என்றாலும், குரலால் இயக்குவது நின்றது நின்றதுதான். அமெரிக்காவின் இன்ஸ்டியான் என்ற கம்பெனி 2022 ஏப்ரலில் ஒரு வார்த்தை சொல்லாமல் சர்வரை அணைத்தது. வாடிக்கையாளர்களுக்குத் தங்கள் வீட்டுச் சாமான் பேச்சுக் கேட்காதபோதுதான் விஷயம் தெரிந்தது. பிறகு அதைப் பயன்படுத்தி வந்தவர்களிலேயே சிலர் சேர்ந்து அந்தக் கம்பெனியை வாங்கி நடத்தத் தொடங்கினார்கள். அத்தனை பெரிய கம்பெனிகளுக்கே இந்தக் கதி என்றால், பெயரே புதிதாக இருக்கும் கம்பெனிச் சரக்குக்கு நாம் என்ன உறுதி கொடுக்க முடியும்? கைச் சுவிட்ச் இருந்த வீட்டில் கம்பெனி போனால் வசதிதான் போகும், வெளிச்சம் போகாது. டேப் ஒட்டிய வீட்டில் இரண்டும் போகும்.

நம் வாய்வார்த்தையின் விலை

ஆன்லைனில் வாங்கிய ஸ்மார்ட் பல்பு வேலை செய்யவில்லை என்று அதைப் பையில் போட்டுக்கொண்டு நம் கடைக்கு வருகிறவர்களை எல்லோரும் பார்த்திருப்போம். ஆன்லைன் விலையோடு நாம் மல்லுக்கட்ட முடியாது. 2022 ஜூலை 18 முதல் எல்.இ.டி. விளக்குகளுக்கு வரி 12-லிருந்து 18 சதவீதமானபோது சில்லறைக் கடையின் லாபம் இன்னும் மெலிந்தது. ஆனால் ஒரு விஷயத்தில் ஆன்லைன் நம்மோடு போட்டி போட முடியாது. அந்த வீட்டின் சுவர் எப்படி, ஒயரிங் எப்படி, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு எந்த மொழி வரும் என்பது நமக்குத் தெரியும். அந்தத் தெரிதலைத்தான் நாம் விற்க வேண்டும்.

அதே சமயம் வாயை அளந்து திறக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. தயாரித்த கம்பெனி கொடுத்த உத்தரவாதத்துக்கு மேல் விற்பவர் தானாக ஓர் உறுதி கொடுத்து, அது பொய்த்து, வாங்கியவருக்குத் தீங்கு நேர்ந்தால் விற்பவரும் பொறுப்பு என்கிறது அந்தச் சட்டம். "பத்து வருஷத்துக்குக் கவலையே இல்லை ஐயா, எல்லாம் வாயால் சொன்னால் நடக்கும்" என்று உற்சாகத்தில் சொல்லும் ஒரு வார்த்தை நாளைக்கு நம்மைத் தேடி வரலாம். சட்டம் இல்லாத காலத்திலும் நம் முன்னோர்கள் சொன்ன சொல்லுக்குச் சரக்கைத் திருப்பி எடுத்துக்கொண்டவர்கள்தான்.

எங்கள் கருத்தைக் கேட்ட இளைய வியாபாரிகள் சிலர், பெரியவர்களுக்குப் புதுச் சாமான் என்றாலே ஒவ்வாமை என்று சொல்லக்கூடும். அப்படி அல்ல. குண்டு பல்பு போய் சி.எஃப்.எல். வந்தபோதும், சி.எஃப்.எல். போய் எல்.இ.டி. வந்தபோதும் சரக்கை மாற்றி வியாபாரம் செய்தவர்கள்தான் நாங்கள். கட்டிலைவிட்டு எழ முடியாத ஒருவருக்கு, கை நடுங்கும் ஒருவருக்கு, தன் குரலுக்கு விளக்கு எரிவது எத்தனை பெரிய நிம்மதி என்பது எங்களுக்கும் தெரியும். அவர்களுக்கு இது ஆடம்பரமே அல்ல. குரலும் வேண்டும், கையும் வேண்டும் என்பதுதான் எங்கள் வாதம். ஒன்றைக் கொடுத்து இன்னொன்றைப் பிடுங்கும் சரக்கைத்தான் வேண்டாம் என்கிறோம்.

சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள்

முதலாவதாக, நம் சங்கம் எலக்ட்ரிக்கல் வியாபாரிகளுக்கும் அவர்களோடு வேலை செய்யும் எலக்ட்ரீஷியன்களுக்கும் சேர்த்து ஒருநாள் பயிற்சி வகுப்பு நடத்த வேண்டும். கம்பெனி ஆட்களைக் கூப்பிட்டால் அவர்கள் தங்கள் சரக்கின் பெருமையை மட்டும் பேசாமல், கரண்ட் போனால் என்ன ஆகும், நெட் போனால் என்ன ஆகும் என்று பலகையில் மாட்டிச் செய்து காட்டச் சொல்ல வேண்டும்.

இரண்டாவதாக, இந்தச் சரக்கை விற்கும் ஒவ்வொரு கடையிலும் ஒரு பலகையில் ஸ்மார்ட் சுவிட்சும், ஸ்மார்ட் பல்பும், குரல் பெட்டியும் மாட்டி வைக்க வேண்டும். வாங்குகிறவர் பேசிப் பார்க்கட்டும், தட்டிப் பார்க்கட்டும், ரூட்டரை அணைத்தும் பார்க்கட்டும். சிறு கடைகளால் தனித்தனியே இந்தச் செலவைத் தாங்க முடியாது என்றால், மொத்த வியாபாரிகளாகிய நாங்கள் அந்தப் பலகையைச் செய்து கொடுக்க முன்வர வேண்டும்.

மூன்றாவதாக, பில்லோடு அரைப் பக்கத்தில் தமிழில் ஒரு குறிப்புக் கொடுக்க வேண்டும். எந்த விளக்கு எந்தச் சுவிட்சில் இருக்கிறது, கரண்ட் போய் வந்தால் என்ன செய்ய வேண்டும், பெட்டியின் மைக்கை எப்படி அணைப்பது, யாரைக் கூப்பிட வேண்டும் என்ற நான்கு விஷயம் போதும். படிக்கத் தெரிந்த எவரும் படித்துக்கொள்ளும்படி பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

இந்த மூன்றும் பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. அடுத்த பொதுக்குழுவில் இதை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம். அதற்குள், சினிமா அறைக்கு விளக்கு கேட்டு வரும் அடுத்த வாடிக்கையாளரிடம் விலைப்பட்டியலை எடுக்கும் முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்கள் வீட்டில் பெரியவர்கள் யாரெல்லாம் இருக்கிறார்கள்?" அவர் சொல்லும் பதிலை வைத்துச் சரக்கை எடுத்துக் கொடுங்கள். எலக்ட்ரீஷியன் புறப்படும்போது மறக்காமல் சொல்லி அனுப்புங்கள், எந்தச் சுவிட்சையும் கழற்றக் கூடாது என்று.